பம்பு உறிஞ்சுவதில்லை

நடுவழியில் ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்து நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அவ்வேளையில் நண்பன் ஒருவன் தன் வண்டியோடு வருவான்; எங்கிருந்தோ ஒரு ரப்பர்க் குழாயும் வந்து சேரும். குழாயின் ஒரு முனை அவன் வண்டித் தொட்டிக்குள் போகும். மறுமுனை யாராவது ஒரு தியாகியின் வாய்க்குள் போகும். அவர் கன்னங்கள் குழிய உறிஞ்சுவார். பெட்ரோல் வந்ததும் முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டுக் குழாயைக் கீழே தாழ்த்துவார். மனித வாயும் ஒரு வெற்றிடப் பம்புதான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

காரின் ரேடியேட்டரில் உள்ள நீரையும் இப்படியே எடுக்கலாமா என்று சென்ற மாதம் நம் விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். கூடாது என்ற ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடும். (பெட்ரோலுக்கும் இது தகாத முறையே, சிறிதளவு நுரையீரலுக்குள் இறங்கினாலும் ஆபத்து.) ஏன் கூடாது, வேறு எப்படிச் செய்வது என்று சொல்லப் புகுந்ததால்தான் இக்கட்டுரை நீள்கிறது.

ரேடியேட்டரில் இருப்பது வெறும் தண்ணீர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். லாரி ஓட்டிகள் வழியிலுள்ள குளத்து நீரை மொண்டு ஊற்றியதைக் கண்டு பழகிய எண்ணம் அது. இன்றைய கார்களில் இருப்பதோ ஏறத்தாழச் செம்பாதி தண்ணீரும் செம்பாதி எத்திலீன் கிளைக்காலும் சேர்ந்த கலவை. அதனோடு துருவைத் தடுக்கும் மருந்துகளும், கசிந்தால் கண்ணில் படுவதற்காகப் பச்சையோ சிவப்போ ஒரு சாயமும் கலந்திருக்கும். கடையில் ‘கூலண்ட்’ என்று கேட்டால் கிடைப்பது இதுதான். சாதாரணத் தண்ணீர் 0 டிகிரியில் உறைகிறது. பாதிக்குப் பாதி கலந்த இந்நீர்மம் ஏறத்தாழ -37 டிகிரி வரை உறைவதில்லை. தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. அந்தப் பருமனுக்கு இரும்பும் வழிவிட்டாக வேண்டும். ஐஸ்காரர் பெட்டியைத் தவிர வேறெங்கும் தண்ணீர் உறைந்து காணாத நம் ஊர்களில் இது தேவையா எனலாம். தேவைதான். இக்கலவை சாதாரணக் காற்றழுத்தத்தில் 100 டிகிரிக்குப் பதிலாக 107 டிகிரியளவில்தான் கொதிக்கிறது. எஞ்சினின் அலுமினியத்தையும் இரும்பையும் அரிப்பிலிருந்து காக்கிறது. அந்தக் காப்பு மருந்து ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்துபோகும். ஆகையால் பழையதை வடித்துப் புதியதை ஊற்ற வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அப்படித்தான் வடித்தோம். படிப்பு முடித்துச் சென்ற மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து என் அறைத் தோழர் ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். ஜனவரியில் இமாசலப் பிரதேசத்துக்குப் போவதாகத் திட்டம். விடுதியின் பின்புறம் வண்டியை நிறுத்தி, ரேடியேட்டரின் அடியிலுள்ள பெரிய ரப்பர்க் குழாயைப் பிடுங்கினோம். நீர்மம் குபுகுபுவென்று கொட்டியது. பாதி பக்கெட்டில் விழுந்தது. மீதி எங்கள் கைகளிலும் மண்ணிலும் விழுந்தது. ஓர் ஓரத்துப் பள்ளத்தில் பச்சையாகத் தேங்கி நின்றதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. வெயிலில் காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

நம் உணவு விடுதி வாசலில் கறுப்பன் என்றொரு நாய் இருந்ததைப் பழைய மாணவர்கள் அறிவார்கள். அன்று மாலை அது கள்ளுண்டவன்போல் தள்ளாடிற்று, கண்டவர்கள் சிரித்தோம். மறுநாள் தேறிவிட்டதுபோல் தோன்றியது. மூன்றாம் நாள் சிறுநீரும் பிரியாமல், சோறும் தொடாமல் படிக்கட்டடியில் கிடந்தது. கால்நடை மருத்துவர் எங்கள் பின்புறப் பள்ளத்தைப் பற்றி விசாரித்த பிறகே எங்களுக்கு விளங்கிற்று. முதல் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் அவர்.

இந்த நஞ்சின் வஞ்சகமே அதன் இனிப்பு. நாயும் பூனையும் அதை நக்கிக் குடிக்கும், குழந்தைகளும் குடிப்பதுண்டு. உடலுக்குள் சென்றதும் முதலில் மதுவைப்போல் மயக்குகிறது. அதோடு நின்றால் பாதகமில்லை. ஈரல் அதைச் சிறிது சிறிதாக அமிலங்களாக மாற்றுகிறது. அவற்றுள் ஒன்றான ஆக்சாலிக் அமிலம் இரத்தத்திலுள்ள கால்சியத்தோடு கூடி நுண்ணிய படிகங்களாகிச் சிறுநீரகத்தில் படிந்துவிடுகிறது. இடையில் தேறிவிட்டதுபோல் தோன்றும் நேரமே மிகக் கொடியது. அந்த நேரத்தில்தான் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவரைக் கொல்ல ஏறத்தாழ 100 மில்லிலிட்டர், அதாவது அரை டம்ளர், போதும். சிறு குழந்தைக்கு அதில் மிகச் சிறு பங்கே போதும். வாய்வைத்து உறிஞ்சும் முறை ஏன் கூடாது என்பது இப்போது தெரிந்திருக்கும். தவறி விழுங்கியவரைக் குணம் தெரியும் வரை வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். ஈரல் அமிலமாக மாற்றுவதைத் தடுக்கும் மாற்று மருந்து உண்டு. காலத்தோடு கொடுத்தால்தான் அது பயன்படும்.

ஆகவே எங்களுக்கு எழுந்த கேள்வி, ஒரு துளியும் மண்ணில் விழாமல் இதை எடுப்பது எப்படி என்பதே. அதற்கு விடையாக வந்தது வெற்றிடப் பம்பு.

பம்பு நீரை இழுக்கிறது என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் நீரை யாரும் இழுக்க முடியாது. நீர் கயிறு அன்று. இளநீரில் குழலிட்டு உறிஞ்சும்போது நாம் செய்வது குழலிலுள்ள காற்றைக் குறைப்பது மட்டுமே. வெளியே இருக்கும் காற்று கண்திறந்த இடத்தின் வழியே இளநீரை அமுக்குகிறது. அதுதான் நீரைக் குழலில் ஏற்றுகிறது. கண்திறப்பு முழுவதையும் குழலே அடைத்துக்கொண்டால் எவ்வளவு உறிஞ்சினாலும் சில மடக்குக்குமேல் வராது. எண்ணெய் டின்னில் இரண்டு துளை போடுவதும் இதனால்தான். ரேடியேட்டரை வடிக்கும்போது மேல்மூடியைத் திறந்து வைப்பது அந்த இரண்டாவது துளை என்க.

காற்றின் வலிமைக்கு எல்லை உண்டு. பம்புகள் ஏறத்தாழ பத்து மீட்டருக்குமேல் நீரை ஏற்ற மறுக்கின்றன என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டார். காரணத்தை அவர் சரியாகக் காணவில்லை. அவருக்குப்பின் டாரிசெல்லி பாதரசத்தைக் கொண்டு சோதித்து, அது 760 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பது வெளிக்காற்றின் பாரத்தால்தான் என்று காட்டினார். நமக்கு வேண்டியதோ மிகச் சிறிது. ரேடியேட்டரின் அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு நீர்மத்தை ஏற்றப் பாதரசக் கணக்கில் சுமார் 40 மில்லிமீட்டர் வேறுபாடு போதும். முழுக் காற்றழுத்தத்தில் அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் என்று சொல்லலாம். எனவே பெரிய மின்சாரப் பம்பு எதற்கும் தேவையில்லை. பிரேக் குழாய்களிலுள்ள காற்றை நீக்குவதற்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும், அழுத்தமானி பொருத்திய சிறு கைப்பம்பே மிகுதி.

பம்பை நேரே ரேடியேட்டரில் மாட்டக்கூடாது. நீர்மம் பம்புக்குள் புகுந்து கெடுத்துவிடும். இடையில் ஒரு கலம் வேண்டும். வேதியியல் கூடத்தில் வடிகட்டப் பயன்படும், பக்கக் குழாயுள்ள கனத்த கண்ணாடிக் குடுவையை அறிவியல் மாணவர்கள் கண்டிருப்பார்கள். அப்படி இரண்டு லிட்டர்க் குடுவை ஒன்றை விலைக்கு வாங்கினோம். (கூடத்திலிருந்து இரவல் பெறுவதை நான் ஆதரிக்கவில்லை, நம் செய்முறைத் தேர்வுகள் இன்னும் முடியவில்லை.) அடைப்பானின் வழியே செல்லும் குழாய் நீர்மத்தைக் கொண்டு வரும், பக்கக் குழாய் பம்புக்குப் போகும். குடுவை முக்கால் பங்கு நிரம்பியதும் நிறுத்திக் காலி செய்யவேண்டும். குளிர்பான பாட்டிலைக் கலமாக வைத்து முயன்ற நண்பர் ஒருவர், அது அப்பளம்போல் நொறுங்கி ஒட்டிக்கொண்டதைக் கண்டு காற்றழுத்தத்தை ஒப்புக்கொண்டார். கண்ணாடியும் கீறல் விழுந்ததாயின் உள்நோக்கி உடையும். அதனால் குடுவையைத் தடித்த துணியால் சுற்றிவிட்டுக் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்துகொள்க. எண்ணெய் உறிஞ்சுவதற்கென்றே பம்போடு கூடிய கலங்களும் கடைகளில் விற்கிறார்கள்; அவற்றை வாங்கினால் இந்தக் கவலை குறைவு.

இனி வேலைக்கு வருவோம். எஞ்சின் முழுதும் ஆறியிருக்கவேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியே நல்லது. இதை வழக்கமான எச்சரிக்கை என்று தள்ளிவிடாமல் கணக்கிட்டுப் பாருங்கள். ரேடியேட்டர் மூடி வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஒரு மடங்கு அதிக அழுத்தத்தை உள்ளே தாங்கி நிற்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். 115 டிகிரியில் இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டெனக் குறைகிறது. வெறும் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம்: அது 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும்; மிச்சமான வெப்பம் ஒரு பகுதியை ஆவியாக்கிவிடும். லிட்டருக்கு 28 கிராம் ஆவியாகும் என்று வருகிறது. ஒரு கிராம் நீராவி ஏறத்தாழ 1.7 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். ஒரு லிட்டர் நீரிலிருந்து ஒரே நொடியில் 47 லிட்டர் நீராவி! அது மீதி நீரையும் வாரிக்கொண்டு, மூடியைத் திறந்தவர் முகத்தை நோக்கித்தான் வரும்.

வெற்றிடப் பம்புக்கும் இதே விதி மறுபுறமாகப் பொருந்தும். அழுத்தம் குறையக் குறைய நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். காற்றழுத்தம் 355 மில்லிமீட்டராகக் குறைந்தால் 80 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். ஆறாத எஞ்சினில் பம்பை மாட்டி அழுத்தினால் நீர்மத்துக்குப் பதில் ஆவியே குழாயில் வரும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடுக. உட்புற வெப்பத் திருகைக் கடைசி வரை ‘சூடு’ பக்கம் திருப்பிவிட்டால், வால்வு உள்ள வண்டிகளில் அந்தச் சிறு ரேடியேட்டருக்கும் வழி திறக்கும். மேல்மூடியைத் திறந்து, முதலில் பக்கத்திலுள்ள உபரித் தொட்டியின் அடிவரை குழாயை விட்டு அதைக் காலி செய்யலாம். ரேடியேட்டரில் இது அவ்வளவு எளிதன்று. மேலும் கீழும் தொட்டியுள்ள ரேடியேட்டரில் நடுவே இருப்பவை தட்டையான மெல்லிய குழல்கள். நம் குழாய் அவற்றினூடே இறங்காது. மேல்தொட்டியில் உள்ளது மட்டும் வந்துவிட்டு, அதன்பின் காற்று ‘கொர்’ரென்று இரையும். முடிந்துவிட்டது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். தொட்டிகள் இடமும் வலமும் நிற்கும் வகையில் மட்டும் பக்கத் தொட்டியின் அடிவரை குழாய் போகக்கூடும். மற்றவற்றில் அடியிலுள்ள வடிகுழாயின் மூக்கில் நம் குழாயை இறுகப் பொருத்தி, பம்பை நாலைந்து முறை அடித்து, அதன்பின் திருகைக் கால் சுற்று திறக்கவேண்டும்.

அடியில் திருகு இருந்தால் நீர்மம் தானே வடியுமே, பம்பு எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வடியத்தான் செய்யும். ஆனால் தானாக வடியும் நீர்மம் குழாய்ப் பொருத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் வெளியே கசியும். குழாயில் வெற்றிடம் இருக்கும்போது அதே இடைவெளி வழியே காற்று உள்ளே போகிறது. நஞ்சு வெளியே வருவதில்லை. கசிவின் திசையே மாறிவிடுகிறது. கறுப்பனுக்குப் பிறகு நாங்கள் பம்பைத் தேடியதற்குக் காரணம் இந்த ஒன்றே. கலத்தைக் காரின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி. எது எப்படியாயினும் ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காரின் அடியில் யாரும் படுக்கக்கூடாது.

வந்ததை அளந்து பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் முழுவதும் வராது. எஞ்சினின் உட்பள்ளங்களில் ஒரு பகுதி தங்கிவிடும். வண்டியோடு வரும் கையேட்டில் மொத்தக் கொள்ளளவு இருக்கும். அது 4 லிட்டர் என்றும், வந்தது 2.5 லிட்டர் என்றும் கொள்வோம். உள்ளே 1.5 லிட்டர், அதாவது எட்டில் மூன்று பங்கு, பழையதே இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, ஆறவிட்டு மீண்டும் வடித்தால் எஞ்சும் பழையது 64-இல் 9 பங்கு. இன்னொரு முறை செய்தால் 512-இல் 27 பங்கு, நூற்றுக்கு ஐந்துதான். இரண்டு கழுவல் போதும். கழுவிய நீரும் நஞ்சு கலந்ததே. அதையும் சேர்த்து வைக்கவேண்டும்.

இங்கே ஒரு கணக்குப் பிழை எல்லோருக்கும் நேர்கிறது. கழுவி முடித்தபின் உள்ளே தங்கியிருப்பது பெரும்பாலும் தண்ணீர், 1.5 லிட்டர். அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்து விற்கும் கூலண்டை 2.5 லிட்டர் ஊற்றினால், மொத்தத்தில் கிளைக்கால் நூற்றுக்கு 31 பங்காகக் குறைந்துவிடும். துருத்தடுப்பு மருந்தும் அவ்வாறே நீர்த்துப்போகும். நீர் கலவாத கூலண்டு 2 லிட்டரும் காய்ச்சி வடித்த நீர் அரை லிட்டரும் ஊற்றினால்தான் கணக்குச் சரியாகும். குழாய்த் தண்ணீர் வேண்டா. அதிலுள்ள உப்புகள், கெட்டிலின் அடியில் படிவதுபோல, ரேடியேட்டரின் உள்ளேயும் வெள்ளையாகப் படிந்துவிடும்.

வடித்த பம்பே நிரப்பவும் உதவும். மேலிருந்து சும்மா ஊற்றினால் வளைவுகளில் காற்று சிக்கிக்கொள்கிறது. காற்று வெப்பத்தை வாங்கிச் செல்லாது. அங்கே எஞ்சினின் தலைப்பகுதி காய்ந்து கோணிப்போகும். வெப்பமானியின் முனை காற்றில் நின்றுவிட்டால் முள்ளும் பொய் சொல்லும். ஆகவே வடிதிருகை மூடி, ரேடியேட்டரின் வாயை அதற்கான கூம்பு அடைப்பானால் அடைத்து, உள்ளேயுள்ள காற்றை எடுத்துவிடுகிறோம். மானி 635 மில்லிமீட்டர் காட்டும்வரை அடிக்கவேண்டும். கைப்பம்பானால் கை ஓய்ந்துபோகும், இருவர் மாறி மாறி அடிக்கலாம். ரப்பர்க் குழாய்கள் சப்பையாக ஒட்டிக்கொள்வது கண்டு அஞ்சவேண்டா. பத்து நிமிடம் முள் அசையாமல் நின்றால் எங்கும் ஓட்டையில்லை. பிறகு புதுக் கூலண்டில் அமிழ்த்திய குழாயைத் திறந்துவிட்டால், வெளிக்காற்றே அதை உள்ளே அமுக்கி ஏற்றிவிடும். குழாயின் முனை நீர்மத்துக்கு மேலே வந்துவிடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஏன் 635? அதற்குமேல் ஏன் போகவில்லை? 760-இல் மீதியிருப்பது 125 மில்லிமீட்டர். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 56 டிகிரியில் கொதிக்கும். ஆறிய எஞ்சின் அதற்கு வெகு கீழே இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்போரின் மின்சாரப் பம்பை மாட்டி 730-ஐத் தாண்டினால், 30 டிகிரி அறைச் சூட்டிலேயே உள்ளே எஞ்சிய ஈரம் கொதிக்கத் தொடங்கி, ஆவி பம்பின் எண்ணெயில் கலந்து மோராக்கிவிடும். இன்னொன்று. கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் வெளிக்காற்றே 490 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அங்கே சென்று முள் 635-ஐ எட்டவில்லையென்று பம்பைக் குறை கூறுவது முறையன்று.

நிரப்பியதும் அடைப்பானை எடுத்துக் குறைந்ததை ஊற்றி, மூடியை மூடி எஞ்சினை ஓட்டுக. மேற்குழாய் சூடாவது தெர்மோஸ்டாட் திறந்ததற்கு அடையாளம். மறுநாள் ஆறியபின் மட்டத்தைப் பார்த்துச் சிறிது சேர்க்க வேண்டியிருக்கும். எஞ்சியிருந்த காற்று வெளியேறியதற்கு அது விலை.

எடுத்த நீர்மத்தைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டக்கூடாது; கழிவு எண்ணெயும் கூலண்டும் வாங்கிக்கொள்ளும் பட்டறைகளில் கொடுத்துவிடவேண்டும். அதுவரை எங்கே வைப்பது? குடிநீர் பாட்டிலில் மட்டும் வேண்டா. விடுதியில் கையில் கிடைத்த பாட்டிலைத் திறந்து குடிக்காதவர் யார்? சென்ற டிசம்பரில் இந்த முறையில் வடித்தபோது எங்களுக்குக் கழிவு ஏழு லிட்டருக்குச் சற்று அதிகமாகச் சேர்ந்தது. திருகுமூடியுள்ள கனத்த டப்பாவில் ஊற்றி, தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ‘நஞ்சு’ என்று எழுதி ஒட்டினோம். என் அறைத் தோழர் ஒரு மண்டையோட்டையும் வரைந்தார். படம் தெளிவாக அமையவில்லை, பார்த்தவர்கள் பூசணிக்காய் என்றார்கள். பட்டறைக்குக் கொண்டுபோகும் வரை ஆறு நாள் அது எங்கள் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. பின்புறத்து மண்ணில் அன்று ஈரம் படவில்லை என்பதை இருவரும் டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.